டாஸுக்கு வராத கேப்டன்

டிஸ்கி: இருபது வருஷமாக மும்பையில் குப்பை கொட்டும் தமிழன் எழுதுவது இது. ரோஹித் சர்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தையும் கெட்டதாக நாலு வார்த்தையும் உள்ளே இருக்கின்றன. ஒன்றை மட்டும் படித்துவிட்டு யாரும் ஆட்டோ அனுப்ப வேண்டாம். :-)

2025 ஜனவரி 3. சிட்னி டெஸ்ட். நம்ம ஊர் நேரத்துக்கு விடிகாலை நாலரை மணிக்கு டாஸ். கோட்டு போட்டுக்கொண்டு நடந்து வந்தவர் பும்ரா. கேப்டன் ரோஹித்துக்குக் காயமில்லை, காய்ச்சலில்லை, வீட்டில் விசேஷமும் இல்லை. அணியோடு சிட்னியில்தான் இருந்தார். ஆனால் பதினோரு பேரில் இல்லை. ரன் வரவில்லை என்பதற்காக ஒரு இந்திய கேப்டன் தொடரின் நடுவில் வெளியே உட்கார்ந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்றைக்கு மும்பை லோக்கலில் வேறு பேச்சே இல்லை. போரிவலியில் வளர்ந்த பையனாயிற்றே, இங்கே அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி. "உலகக் கோப்பை ஜெயித்துக் கொடுத்தவனை உட்கார வைப்பார்களா?" என்று பாதிப் பெட்டி. "மூன்று மாதம் முன்னாலேயே செய்திருக்க வேண்டும்" என்று மீதிப் பெட்டி. ஜன்னல் ஓரம் கிடைத்த சந்தோஷத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. தடுமாறுகிற ஒருவனுக்கு, அதுவும் முன்பு நிறையச் செய்தவனுக்கு, அவன் இடம் எவ்வளவு நாள் சொந்தம்?

சரி, முதலில் கணக்கு. நமக்குச் சோறு போடுவதே அதுதானே.

2024 செப்டம்பரில் பங்களாதேஷ் வந்தது. நான்கு இன்னிங்ஸில் ரோஹித் எடுத்தது 6, 5, 23, 8. அடுத்து நியூசிலாந்து. 2, 52, 0, 8, 18, 11. டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் 3, 6, 10, 3, 9. ஆக மொத்தம் 15 இன்னிங்ஸ், 164 ரன், ஒரே ஒரு அரைசதம். சராசரி 11-ஐத் தொடவில்லை. ஆஸ்திரேலியாவை மட்டும் எடுத்தால் ஐந்து இன்னிங்ஸில் 31 ரன். அதில் நான்கு முறை கம்மின்ஸிடமே அவுட். மெல்போர்ன் இரண்டாவது இன்னிங்ஸில் 40 பந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்தார். 9 ரன்.

இதே மனிதர்தான் 2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் டி20 உலகக் கோப்பையைத் தூக்கினார். ஜூலை 4 அன்று மரைன் டிரைவில் அந்த பஸ் ஊர்ந்து வந்தபோது கூடிய கூட்டத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதற்கும் சிட்னிக்கும் நடுவே சரியாக ஆறு மாதம்தான். டெஸ்டிலும் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. 2019-ல் விசாகப்பட்டினத்தில் முதல்முறையாக டெஸ்டில் ஓப்பனிங் இறங்கி, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 176, 127 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சதம். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் பந்து பம்பரமாகத் திரும்பிய ஆடுகளத்தில் 161. அந்த இன்னிங்ஸைப் பார்த்தவர்கள் அவரை அவ்வளவு சுலபத்தில் திட்ட மாட்டார்கள்.

"வைத்துக்கொள்ளுங்கள்" கட்சிக்காரர்களின் வாதத்தை முதலில் மரியாதையாகக் கேட்போம். அதில் விஷயம் இருக்கிறது.

ஒன்று, மட்டையாளன் வேலை கொடூரமான வேலை. பந்து வீசுகிறவன் மோசமாக ஒரு பந்து போட்டால் அடுத்த பந்தில் சரி செய்துகொள்ளலாம். ஆபீஸில் நாம் இன்று சொதப்பினால் நாளை காலை பத்து மணிக்கு இன்னொரு வாய்ப்பு. மட்டையாளனுக்கு ஒரே ஒரு பந்து போதும், நாள் முழுக்கப் பெவிலியன். ஆகவே ஐந்து இன்னிங்ஸை வைத்து ஒருவன் முடிந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. நல்ல பந்துகளாகவே வரிசையாக வந்து விழுகிற காலமும் உண்டு.

இரண்டு, மார்க் டெய்லர் கதை. 1996-97-ல் ஆஸ்திரேலிய கேப்டனுக்கு டெஸ்டில் 21 இன்னிங்ஸாக ஒரு அரைசதம்கூட இல்லை. 1997-ல் இங்கிலாந்து போனபோது அங்கே கேலி செய்யாத பத்திரிகை கிடையாது. ஒருநாள் போட்டி ஒன்றில் அவரே வெளியே உட்கார்ந்தும் பார்த்தார். எட்ஜ்பாஸ்டன் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 7. இரண்டாவது இன்னிங்ஸில் 129. அந்த டெஸ்டில் தோற்றார்கள், தொடரை 3-2 என்று ஜெயித்தார்கள். அடுத்த வருஷம் பெஷாவரில் 334 நாட் அவுட். அன்றைக்குத் தேர்வாளர்கள் அவசரப்பட்டிருந்தால் இத்தனையும் இல்லை.

மூன்று, மைக் பிரியர்லி. இங்கிலாந்துக்கு 39 டெஸ்ட் ஆடினார். சராசரி 22.88. ஒரு சதம்கூடக் கிடையாது. ஆனால் கேப்டனாக இருந்த 31 டெஸ்டில் 18 வெற்றி, 4 தோல்வி. அவர் மட்டைக்காக அணியில் இல்லை, மண்டைக்காக இருந்தார். கேப்டன் என்பவனை ரன்னை மட்டும் வைத்து எடை போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நியாயமான வாதங்கள்தான். ஆனால் டெய்லர் கதையில் ஒரு வரியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டெய்லருக்கு ரன் வராத அதே காலத்தில் அவருடைய அணி ஜெயித்துக்கொண்டிருந்தது. சொந்த ஊரில் வெஸ்ட் இண்டீஸை 3-2, தென்னாப்பிரிக்கா போய் அவர்களை 2-1. பிரியர்லியும் அப்படித்தான். ஒரு கணக்கில் பற்று எகிறினாலும் இன்னொரு கணக்கில் வரவு வந்துகொண்டிருந்தது.

ரோஹித்துக்கு அந்த இன்னொரு கணக்கும் காலி. நியூசிலாந்திடம் சொந்த மண்ணில் 0-3. மூன்று டெஸ்ட் தொடரில் இந்தியா தன் ஊரில் அப்படி முழுசாகத் துடைத்தெறியப்பட்டது அதுவே முதல்முறை. 2012-க்குப் பிறகு வீட்டில் தொடரே தோற்காமல் வைத்திருந்த சாதனையும் அதோடு போயிற்று. பெங்களூரில் மேகமூட்டமான காலையில் டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்து 46 ரன்னுக்கு ஆல் அவுட். ஆடுகளத்தைத் தான் தவறாகக் கணித்ததாக அவரே ஒப்புக்கொண்டார். அது பெரிய மனசு. பிறகு அடிலெய்டில் தோல்வி, பிரிஸ்பேனில் டிரா, மெல்போர்னில் 184 ரன்னில் தோல்வி. அவர் தலைமையில் கடைசி ஆறு டெஸ்டில் வெற்றியே இல்லை. நடுவே, குழந்தை பிறப்புக்காக அவர் வராத பெர்த் டெஸ்டில் மட்டும் பும்ரா தலைமையில் 295 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ஒரு மேட்சை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் பிரியர்லி வாதத்தை ரோஹித்துக்காக எடுத்து வைக்க வாயும் வரவில்லை.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒருவரை அவர் இடத்தில் வைத்துக்கொள்வது அவரோடு மட்டும் முடிகிற விவகாரம் இல்லை. ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டியில் ஒருவர் காலை நீட்டினால் எதிர் சீட்டு வரைக்கும் எல்லோரும் நகர வேண்டியிருக்கும் இல்லையா, அதே கதைதான்.

பெர்த்தில் ஜெய்ஸ்வாலும் கே.எல்.ராகுலும் முதல் விக்கெட்டுக்கு 201 ரன் சேர்த்தார்கள். அதைக் கலைக்க வேண்டாம் என்று ரோஹித் அடிலெய்டிலும் பிரிஸ்பேனிலும் ஆறாவதாக இறங்கினார். நல்ல முடிவு, பெருந்தன்மையான முடிவும்கூட. ஆனால் அங்கேயும் ரன் வரவில்லை. மெல்போர்னில் மறுபடி ஓப்பனிங்குக்கே வந்தார். அதற்காக, பிரிஸ்பேனில் ஓப்பனராக இறங்கி 84 அடித்த ராகுல் மூன்றாவது இடத்துக்கு நகர்ந்தார். அங்கே அவர் எடுத்தது 24, 0. மூன்றாவது இடத்தில் இருந்த சுப்மன் கில் அணியிலேயே இல்லை. வாஷிங்டன் சுந்தரைச் சேர்க்க வேண்டிய கட்டாயமும் அதில் இருந்தது, அவர் அரைசதமும் அடித்தார், மறுக்கவில்லை. ஆனாலும் வெளியே போக வேண்டிய மட்டையாளர் யார் என்ற கேள்வி வந்தபோது, அந்தப் பட்டியலில் கேப்டன் பெயர் மட்டும் எழுதப்படவே இல்லை.

அந்த வரிசையில் கடைசியில் நின்றவர் அபிமன்யு ஈஸ்வரன். இவரைப் பற்றி நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா தமிழர், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். அம்மா பஞ்சாபி. பிறந்தது டேராடூன். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த அப்பா, மகன் பிறப்பதற்கு முன்பே அபிமன்யு என்ற பெயரில் ஒரு கிரிக்கெட் அகாடமி தொடங்கிவிட்டார்! பையன் ஆடுவதோ பெங்காலுக்கு. 2024-ல் அடுத்தடுத்து சதமாக அடித்தார், இரானி கோப்பையில் மும்பைக்கு எதிராக 191. ஓப்பனர் இடத்துக்கு மாற்று ஆள் என்று ஆஸ்திரேலியா கூட்டிக்கொண்டு போனார்கள். ஐந்து டெஸ்டும் தண்ணீர் பாட்டில்தான். இந்தியா ஏ ஆட்டங்களில் அங்கே சோபிக்கவில்லை என்பதும் உண்மை, மறைக்கக் கூடாது. 2025-ல் இங்கிலாந்துக்கும் போனார். அங்கேயும் ஐந்து டெஸ்ட், அங்கேயும் வாய்ப்பில்லை. அவர் வந்திருந்தால் அடித்துத் தள்ளியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பே யாருக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அடுத்தது அஷ்வின். தமிழன் என்பதால் இழுக்கவில்லை, கணக்கில் நேராகவே வருகிறார்.

2023 ஜூன், ஓவல் மைதானம், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. அப்போது தரவரிசையில் உலகின் நம்பர் 1 டெஸ்ட் பந்துவீச்சாளர் அஷ்வின். எதிரணியின் முதல் ஏழு மட்டையாளர்களில் நான்கு பேர் இடது கை. அஷ்வினுக்கு அல்வா. ஆனால் பிட்ச் பச்சை, வானம் கறுப்பு என்று நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை எடுத்துக்கொண்டு அவரை வெளியே உட்கார வைத்தார்கள். இடது கை டிராவிஸ் ஹெட் 163 அடித்தார். 209 ரன்னில் தோற்றோம். அன்றைக்கு கேப்டன் யார்? ரோஹித் சர்மா.

2021-ல் கோலி கேப்டனாக இருந்தபோது இங்கிலாந்தில் ஆடிய நான்கு டெஸ்டிலும் அஷ்வின் வெளியேதான். 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் சதமும் அடித்து ஆறு விக்கெட்டும் எடுத்தார், தொடர் நாயகன் விருதும் வாங்கினார். மூன்றே மாதத்தில் பெர்த்தில் இடமில்லை, அடிலெய்டில் உண்டு, பிரிஸ்பேனில் இல்லை. டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் ரோஹித் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, 537 விக்கெட்டோடு ஓய்வை அறிவித்தார்.

நான் சொல்ல வருவது இதுதான். பந்துவீச்சாளனை உட்கார வைத்தால் அதற்குப் பெயர் "சூழ்நிலைக்கேற்ற தேர்வு". பெரிய மட்டையாளனை உட்கார வைத்தால் அதற்குப் பெயர் "அவமானம்". நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒருவரைப் பிட்சைக் காட்டி வெளியே வைக்க முடியும் என்றால், ஆடாதபோது இன்னொருவரை வைக்க என்ன தடை? உலகின் நம்பர் 1 பந்துவீச்சாளருக்குப் பிடித்த அளவுகோலைக் கேப்டன் தனக்கும் ஒருநாள் பிடிக்கத்தான் வேண்டும். சிட்னியில் ரோஹித் அதைச் செய்தார். தாமதமாகச் செய்தார், ஆனால் தானே செய்தார்.

அமெரிக்கர்களோடு வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொரு உதாரணம் தெரிந்திருக்கும். அவர்கள் ஊர் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்று ஒருத்தர். ஒவ்வொரு ஆட்டத்தையும் தொடங்கி வைக்கிற ஆள் அவர்தான். யாருக்குப் பந்தை எறிவது, யார் கையில் கொடுப்பது எல்லாம் அவர் முடிவு. கேப்டன், ஓப்பனர் இரண்டையும் கலந்த உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு இலை மேனிங் இரண்டு சூப்பர் பௌல் ஜெயித்துக் கொடுத்தவர். தொடர்ந்து 210 ஆட்டங்களில் அவர்தான் தொடக்க குவார்ட்டர்பேக். 2017-ல் அணி 2 வெற்றி, 9 தோல்வி என்று மூழ்கிக்கொண்டிருந்தபோது பயிற்சியாளர் மெக்காடூ அவரை மாற்ற முடிவு செய்தார். கூடவே ஒரு சலுகையும் தந்தார்: "ஆட்டத்தைத் தொடங்கி வைத்துவிட்டு நடுவில் வெளியே வா, உன் தொடர் சாதனை உடையாது." மேனிங் மறுத்துவிட்டார். சாதனைக்காக மட்டும் ஒப்புக்கு இறங்குவது ஆட்டமே இல்லை என்பது அவர் எண்ணம். மனுஷன்!

ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். மேனிங் இல்லாமல் ஆடிய ஒரே ஒரு ஆட்டமும் தோல்வி. மறுநாள் பயிற்சியாளரும் மேலாளரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், மேனிங் திரும்பி வந்தார். ஆனால் 2019-ல் இரண்டு ஆட்டம் தோற்றதும் டேனியல் ஜோன்ஸ் என்ற இளைஞருக்கு அந்த இடம் போனபோது அந்தப் புயல் அடிக்கவில்லை. இரண்டு தடவையும் நடந்த காரியம் ஒன்றுதான். முதல் தடவை ரசிகர்களைச் சுட்டது மாற்றியது அல்ல, மாற்றிய விதம்.

விதம் என்றதும் எங்கள் ஆபீஸில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அது எந்த ஆபீஸ் என்பது வேண்டாம், நான் இப்போது அங்கே இல்லை.

அங்கே கணக்குப் பிரிவில் ஒரு மராட்டிக்காரர் இருந்தார். எல்லோருக்கும் அவர் "காகா". பேரேடு எழுதிய காலத்திலிருந்து இருந்தவர். கம்பெனி சம்பளம் போடக் காசில்லாமல் தவித்த ஒரு வருஷத்தில், பாங்க் மேனேஜர் வீட்டு வாசலில் போய் நின்று கையெழுத்து வாங்கி வந்தவர் என்று கதை கதையாகச் சொல்வார்கள். எனக்கு மராட்டியும் கணக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தவர். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, புது சாஃப்ட்வேரும் வந்தது. காகா தடுமாறிப் போனார். மாதக் கடைசி கணக்கு முடிப்பது ஐந்தாம் தேதியிலிருந்து பத்தானது, பத்து பதினைந்தானது. அந்த வேலையை இரவு எட்டு, ஒன்பது மணி வரை உட்கார்ந்து முடித்துக் கொடுத்தது நாசிக்கிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். பதவி காகாவுடையது, வேலை அந்தப் பெண்ணுடையது. மூன்று வருஷம் இப்படியே ஓடியது. காகாவிடம் போய்ச் சொல்ல மேலே இருந்தவர்கள் யாருக்கும் மனசு வரவில்லை. "அவர் எவ்வளவு செய்திருக்கிறார்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் என்ன ஆயிற்று? பதவி உயர்வு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அந்தப் பெண் ராஜினாமா செய்தாள். அவள் போன இரண்டே மாதத்தில் காகாவின் மேஜையில் இருந்த ஓட்டையெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எச்.ஆரிலிருந்து கடிதம். லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொள்ளும் வேலை என் தலையில். அவர் சத்தம் போடவில்லை. "மூன்று வருஷம் முன்னால் யாராவது கேபினுக்குக் கூப்பிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, 'காகா, இது உங்களால் முடியவில்லை, அவளுக்குக் கொடுத்துவிடலாமா' என்று கேட்டிருந்தால், நானே சாவியைக் கொடுத்திருப்பேன்" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இது. அவருக்கு இரக்கம் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, அவரையும் கெடுத்தார்கள், அந்தப் பெண்ணையும் கெடுத்தார்கள். மரியாதை ஒரு பேரேடு, இடம் இன்னொரு பேரேடு. முன்னதில் பழைய வரவெல்லாம் அப்படியே நிற்கும், யாரும் அழிக்க முடியாது. பின்னது ஒவ்வொரு வருஷமும் புதிதாகத் திறப்பது. ஒன்றின் இருப்பை எடுத்து இன்னொன்றில் எழுதினால் இரண்டுமே டேலி ஆகாது.

இந்தக் கண்ணோடு சிட்னிக்குத் திரும்புவோம். போட்டிக்கு முந்தைய நாள் பத்திரிகையாளர் சந்திப்பில் கேப்டன் வரவில்லை, கோச் கம்பீர் வந்தார். ரோஹித் ஆடுவாரா என்ற நேர்க் கேள்விக்கு நேர்ப் பதில் இல்லை. பிட்சைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கடிதத்தின் வாடை அடித்தது. அணி விவரம் வெளியானபோது ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள்: விரட்டிவிட்டார்கள், சண்டை, ஓய்வு பெறப் போகிறார் என்று.

இரண்டாம் நாள் உணவு இடைவேளையில் ரோஹித்தே டிவியில் வந்து உட்கார்ந்தார். தன் மட்டையிலிருந்து ரன் வரவில்லை, இது முக்கியமான போட்டி, ஏற்கெனவே பல பேர் ஃபார்மில் இல்லாதபோது இன்னொருவரையும் அணி சுமக்க முடியாது, அதனால் விலகிக்கொண்டேன், கோச்சிடமும் தேர்வாளரிடமும் நானே சொன்னேன் என்கிற பொருளில் பேசினார். ஓய்வெல்லாம் இல்லை என்றும், மைக்கும் பேனாவும் லேப்டாப்பும் வைத்திருப்பவர்கள் தன் வாழ்க்கையை முடிவு செய்ய முடியாது என்றும் ஒரு குத்து விட்டார். லேப்டாப் வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்கும் சேர்த்துத்தான். :-) ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் வதந்தி அடங்கியது. கேபினில் டீ வாங்கிக் கொடுக்க யாரும் வராதபோது, தானே டீ வாங்கிக்கொண்டு கேபினுக்குப் போனவர் அவர்.

ஐம்பது வருஷத்துக்கு முன், 1975 ஜனவரியில், இதே சிட்னியில் இங்கிலாந்து கேப்டன் மைக் டென்னஸ் இப்படித்தான் ரன் வராமல் தன்னைத் தானே நீக்கிக்கொண்டார். ஜான் எட்ரிச் தலைமை தாங்கினார். டென்னஸ் அடுத்த டெஸ்டிலேயே திரும்பி வந்தார், மெல்போர்ன் கடைசி டெஸ்டில் 188 அடித்தார். தாம்சன் ஆடவில்லை, லில்லி ஆறு ஓவரோடு போய்விட்டார் என்று குறை சொல்வார்கள். சொல்லட்டும், 188 என்பது 188-தான். வெளியே உட்கார்ந்த ஒரு டெஸ்ட் அவர் கதையை முடித்துவிடவில்லை.

ரோஹித் இல்லாமல் இந்தியா சிட்னியில் ஜெயித்ததா? இல்லை. ஆறு விக்கெட்டில் தோற்று, தொடரை 3-1 என்று இழந்தது. அவர் இடத்தில் வந்த கில் 20, 13. முதுகுப் பிடிப்பால் பும்ரா கடைசி இன்னிங்ஸில் பந்தே போடவில்லை. "பார்த்தீர்களா, எடுத்தும் என்ன பிரயோஜனம்?" என்று லோக்கலில் மறுபடி ஆரம்பித்தார்கள். ஒரு மேட்சின் முடிவைக் கொண்டு ஒரு முடிவின் நியாயத்தை அளக்கக் கூடாது. 15 இன்னிங்ஸ் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது.

பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். அதே ஜனவரியில் மும்பைக்காக ரஞ்சி ஆடினார். ஜம்மு காஷ்மீருக்கு எதிராக 3, 28. மும்பை தோற்றது. பிப்ரவரியில் கட்டாக் ஒருநாள் போட்டியில் 90 பந்தில் 119. மார்ச் 9 அன்று துபாயில் சாம்பியன்ஸ் டிராஃபி இறுதிப் போட்டியில் 76, ஆட்ட நாயகன், கோப்பை. மே 7 அன்று டெஸ்டிலிருந்து ஓய்வு. டெஸ்ட் கேப்டன் நாற்காலியில் கில் உட்கார்ந்தார். இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டில் 754 ரன், தொடர் 2-2. மெல்போர்னில் இடமில்லாமல் நின்ற அதே கில்.

அக்டோபரில் ஒருநாள் கேப்டன் பதவியையும் ரோஹித்திடமிருந்து எடுத்து கில்லிடம் கொடுத்தார்கள். அது சரியா தப்பா என்று தனியாகச் சண்டை போடலாம். ஆனால் அந்த ஆஸ்திரேலியத் தொடரில் வெறும் ஆட்டக்காரராகப் போனவர் 8, 73, 121 நாட் அவுட் என்று அடித்துத் தொடர் நாயகன் விருது வாங்கினார். அந்த 121 அடித்த இடம் எது தெரியுமா? சிட்னி!

1981-ல் போத்தமுக்கும் இதுதான் நடந்தது. கேப்டனாக 12 டெஸ்ட், ஒரு வெற்றி இல்லை. லார்ட்ஸில் இரண்டு இன்னிங்ஸிலும் முட்டை. பதவி போனது, பிரியர்லி வந்தார். அடுத்த டெஸ்டிலேயே ஹெடிங்லியில் 149 நாட் அவுட். நாற்காலி போனால் ஆள் போய்விடுவான் என்று நாம்தான் பயப்படுகிறோம். சில பேருக்கு நாற்காலிதான் பாரம்.

ஆகவே, தடுமாறும் கேப்டனுக்கு இடம் கொடுக்கலாமா என்று கேட்டால் என் பதில் இப்படி. ஐந்து இன்னிங்ஸுக்காகத் தூக்காதீர்கள், பொறுங்கள். அவர் வேறு வழியில் அணிக்கு வரவு வைக்கிறாரா என்று பாருங்கள், வைத்தால் இன்னும் பொறுங்கள். இரண்டும் இல்லையென்றால் பழைய கோப்பையைக் காட்டி இடத்தை நீட்டிக்காதீர்கள். எழுந்து போகச் சொல்லும்போது நேரில், முகம் பார்த்து, முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் செய்ததற்கெல்லாம் பாக்கி வைக்காமல் கொடுக்க வேண்டிய மரியாதை அதுதான். வெளியே தண்ணீர் பாட்டிலோடு ஒருவன் நிற்கிறான் என்பதையும் மறக்காதீர்கள். அவன் அப்பாவும் எங்கோ ஒரு ஊரில் நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, டாஸ் முடிந்து அணிப் பட்டியல் வரும்வரை டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்.

பி.கு.: இதையெல்லாம் தங்கமணியிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, இதே சட்டம் தோனிக்கும் உண்டுதானே?" என்றாள். காபி ஆறுகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.